மூன்று மைலும் ஒரு சோம்பேறியும்

ஃபெடோசியா அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்துவாள். பயம் வந்தால் தேநீர் போடுவாள். பத்தொன்பது வருடம் அவள் படகில் வேலை பார்த்து நான் தெரிந்துகொண்ட பெரிய உண்மை இதுதான். என்ஜின் அறையில் தண்ணீர் ஏறியபோது போட்டாள். மகள் கோடியாக் ஆஸ்பத்திரியில் பிரசவ வலியில் கிடக்க, நாங்கள் புயலுக்கு ஒதுங்கி ஒரு குடாவில் மூன்று நாள் மாட்டிக்கொண்டபோது, குடித்து மாளாத அளவுக்குப் போட்டாள். அதனால் போன பிப்ரவரியில் ரோந்துப் படகின் அதிகாரி எங்கள் தளத்தில் கால் வைத்த மறு நிமிடமே அவள் கெட்டிலை அடுப்பில் ஏற்றியதைப் பார்த்து, விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதைச் சொல்வதற்கு முன்னால் அக்கா எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு அவள் செய்ததைக் கேட்டு நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

கோடியாக் தீவின் தென்கிழக்குக் கரையில், ரோடு வந்து சேராத எங்கள் ஊரில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்ததும் டவுனுக்குப் போய் மீன் ஆலையில் நான்கு வருடம் வெட்டு மேசையில் நின்றாள். ஒருநாள் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, "தெனமும் எட்டு மணி நேரம் செத்த மீனோட மூஞ்சியையே பாக்க முடியாது. உசுரோட இருக்கறப்பவே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினாள். இல்யாவைக் கட்டிக்கொண்டாள். இல்யா எங்கள் தேவாலயத்தில் வேதம் வாசிப்பவர். குரல் தேன். ஆனால் துறையில் கட்டிக் கிடக்கும் படகில் ஏறினாலே வாந்தி எடுத்துவிடுவார். அவருடைய அப்பாவுக்கு இருந்தது ஒரே மகன், ஒரே படகு. மகனைப் பார்த்தார், படகைப் பார்த்தார், கடைசியில் சாவியை மருமகள் கையில் கொடுத்துவிட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? "இல்யா ரொட்டி சுடறான், பொண்டாட்டி மீன் புடிக்கறா" என்று வாய்க்கு வாய் பேசினார்கள். அக்கா காதில் விழுந்தால், "ரொட்டி நல்லாத்தான் இருக்கு. வேணும்னா வந்து தின்னுட்டுப் பேசு" என்பாள். உண்மையிலேயே நல்ல ரொட்டி. பேசியவர்களில் பாதிப் பேர் வந்து தின்றார்கள், நானும்தான்.

படகின் பெயர் வார்வரா. அதில் அக்கா ஒரு படுக்கையில் தூங்குவாள், இன்னொரு படுக்கையில் சட்டப் புத்தகங்கள் தூங்கும். எங்கள் பாடு இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடு. கரையிலிருந்து மூன்று மைல் வரை மாநில அரசின் கடல், அதற்கு அப்பால் மத்திய அரசின் கடல். ஜனவரி ஒன்றாம் தேதி மத்திய அரசு காட் மீன் சீசனைத் திறக்கும். அந்த நாட்களில் மாநிலமும் தன் பக்கத்தை அதே விதிக்கு விட்டுக்கொடுத்துவிடும். அந்த மூன்று மைல் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒருவரும் கேட்பதில்லை. மத்திய அரசு குறித்து வைத்த பிடி அளவு நிரம்பியதும் ஒரு நாள் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்துவார்கள். ஒரு வாரம் கழித்து மாநிலத்தின் சீசன் திறக்கும். இப்போது கோட்டுக்கு உள்ளே மட்டும்தான் பிடிக்கலாம், கடலடியில் இறக்கி மீனை அடைத்துப் பிடிக்கும் கூடு அறுபது மட்டும்தான் போடலாம். அதே மீன், அதே தண்ணீர், சட்டம் மட்டும் வேறு.

"மீனுக்குத் தெரியுமா அக்கா, தான் எந்த அரசாங்கத்தோட மீனுன்னு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மீனுக்குத் தெரிய வேணாம். அது ஃபைன் கட்டப்போறதில்ல. உனக்குத் தெரியணும்."

எனக்குத் தெரியாமல் போன ஒரு தடவையும் உண்டு. கூடு ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தைப் பருத்தி நூலால்தான் தைக்க வேண்டும். கூடு கடலில் தொலைந்துபோனால் நூல் இற்றுப்போய் வாய் திறந்துகொள்ளும், உள்ளே இருக்கும் மீன் தப்பித்துவிடும். மூன்று வருடத்துக்கு முன்னால் கை விறைத்த ஒரு காலையில் நான் நைலான் நூலை எடுத்துத் தைத்துவிட்டேன். சோதனையில் அது மாட்டியது. அக்கா பெயரில் வழக்கு. ஐந்து வருடத்துக்குள் இன்னொன்று விழுந்தால் அந்த சீசன் முழுக்கப் படகு கரையில் கிடக்க வேண்டியதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஜூனில் சால்மன் வரும்வரை எங்கள் மூன்று குடும்பத்துக்கும் இந்த மாநில சீசன்தான் சோறு. என் தப்பு அவள் தலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. திட்டித் தீர்த்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மாநில சீசன் திறந்து மூன்றாம் நாள். கரடி முனைக்கு வெளியே பத்துக் கூடு போட்டிருந்தோம். எடுக்க எடுக்க நல்ல மீன். தளத்தில் நானும் ரோமெலும்தான். ரோமெல் மணிலா பக்கத்து ஆள். ஆலையில் பெல்ட்டின் முன்னால் நின்று சலித்துப்போய் ஏழு வருடத்துக்கு முன்னால் எங்களோடு ஒட்டிக்கொண்டவன். காட் மீன் தலையை வினிகரும் பூண்டும் போட்டு அவன் வைக்கும் குழம்புக்காகவே அவனுடைய பாட்டைப் பொறுத்துக்கொள்கிறோம். பத்தாவது கூட்டைக் கொட்டிக்கொண்டிருந்தபோது ரோந்துப் படகு எங்களோடு ஒட்டி வந்து நின்றது.

அதிகாரி பெயர் வெண்டெல். முப்பது வயதிருக்கும். மரியாதையான ஆள். மரியாதையான அதிகாரி என்றால் எனக்கு இன்னும் பயம்.

"கேப்டன், இந்தக் கடைசி நாலு கூடும் எங்க இருந்ததுன்னு தெரியுமா?"

"தண்ணியில" என்றாள் அக்கா.

ரோமெல் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. "கரடி முனையிலருந்து மூணேகால் மைல்ல. கால் மைல் கோட்டுக்கு வெளிய. அங்க சீசன் மூடி பத்து நாளாச்சு. உங்க பேர்ல ஏற்கனவே ஒண்ணு இருக்கு போலிருக்கே?"

அக்கா சுக்கானருகே இருந்த வரைபடத் திரையை எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. உள்ளே போய் கெட்டிலை ஏற்றினாள். நான் மீன்களுக்கு நடுவே முழங்கால் அளவில் நின்றபடி, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று நினைத்துக்கொண்டேன். பெண்டாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது என்றும் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

தண்ணீர் கொதிக்கும் முன்பே அவள் வெளியே வந்தாள்.

"தம்பி, எதுக்குக் கரடி முனையிலருந்து அளக்கறீங்க? சோம்பேறியிலருந்து அளங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ரோமெலைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கறீங்க? காலையில நாலு மணிக்கு எழுந்தவன் நான்" என்றான் ரோமெல்.

"பாறைடா" என்றாள் அக்கா. "முனைக்கு வெளிய ஒரு மைல்ல இருக்கு. எப்பவும் தண்ணிக்குள்ள படுத்தே கெடக்கும். பெரிய வத்தத்துல மட்டும் தலையத் தூக்கும். அதான் சோம்பேறி."

விதி அப்படித்தான். மிகப் பெரிய வற்றத்தில், அதாவது கடல் மிக அதிகமாக உள்வாங்கும் நேரத்தில், கொஞ்சம் நிலம் காய்ந்து தெரிந்தாலும் அதுவும் கரைதான், மூன்று மைலை அங்கிருந்து அளக்கலாம். அக்கா மாநிலப் புத்தகத்தைப் பிரித்து விரலை வைத்துக் காட்டினாள். அதிகாரிக்கும் அது தெரிந்திருந்தது.

"விதி சரி, கேப்டன். ஆனா வரைபடத்துல இது எப்பவும் முழுகியே இருக்கற பாறைன்னு போட்டிருக்கே."

"வரைபடம் போட்டவன் பத்து மணிக்குக் காபி குடிச்சிட்டு வந்து பாத்திருப்பான். நான் அது மேல குந்தி பிடார்கி பேத்திருக்கேன். முழுகின பாறையில குந்தி யாராவது பிடார்கி பேக்க முடியுமா?"

பிடார்கி என்றால் பாறையில் அட்டை போல ஒட்டிக்கொண்டிருக்கும் கறுத்த ஓட்டுப் பூச்சி. கத்தியால் நெம்பி எடுத்து, அவித்துத் தின்போம். வற்றம் பெரிதாக இருக்கும் நாளில் எங்கள் ஊரில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

"நீங்க பிடார்கி தின்னது சாட்சியாகாது, கேப்டன்."

"சாட்சியே வரும். இன்னைக்கு ஆறு இருபதுக்குப் பெரிய வத்தம். இருந்து பாருங்க."

வெண்டெல் ஓத அட்டவணையைப் புரட்டினார். சரியாகத்தான் இருந்தது. "ஆறரை வரைக்கும் இருப்பேன். பாறை எழுந்தா எழுந்துச்சுன்னு எழுதுவேன். எழலேன்னா நாலு கூட்டு மீனையும் எடுத்துக்கிட்டு வழக்கு எழுதுவேன். ரெண்டுல எதுன்னாலும் எனக்குக் கோவமில்ல" என்றார்.

"எனக்கும் இல்ல. டீ குடிங்க."

படகைப் பாறை இருந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். இடம் என்று சொன்னேனே தவிர, அங்கே இருந்தது வெறும் தண்ணீர். நான் அக்காவை ஓரமாக இழுத்துப் போனேன்.

"அக்கா, நான் இத்தன வருசத்துல அதப் பாத்ததே இல்ல. நீ கடைசியா எப்பப் பாத்த?"

"கல்யாணமான வருசம்."

"முப்பது வருசமாச்சே!"

"பாறை என்ன, ஊரைவிட்டு ஓடியா போயிடும்?"

தைரியமாகச் சொன்னாளே ஒழிய, கண் காற்றழுத்தமானியிலேயே இருந்தது. மூன்று மணியிலிருந்து முள் இறங்கிக்கொண்டிருந்தது. தென்கிழக்கிலிருந்து காற்றும் கிளம்பிவிட்டது. அழுத்தம் குறைந்தால் கடல் கொஞ்சம் பொங்கி நிற்கும், அட்டவணையில் போட்ட அளவுக்கு வற்றாது. அந்தப் பக்கத்துக் காற்று வேறு தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். ஒரு சாண் தண்ணீர் கூடினால்கூட சோம்பேறி படுத்தே கிடப்பான்.

இதற்குள் ரேடியோவில் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எங்கள் சானலில் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

"ஃபெடோசியா, இல்யாவைக் கூட்டிட்டு வரட்டுமா? அவன் குரல் எடுத்தா செத்தவனே எழுந்துப்பான், பாறை எம்மாத்திரம்!" என்று ஒருவர்.

"அவரு படகுல ஏறினா வாந்தி எடுப்பாரு. அதுல கடல் இன்னும் ரெண்டு அடி ஏறிடும். வீட்டுலயே இருக்கச் சொல்லு" என்று அக்கா.

சிரிப்புச் சத்தம் அடங்கியதும் இல்யாவின் குரல் வந்தது. "ஃபெடோசியா, நான் தேவாலயத்துல இருக்கேன். மெழுகுவத்தி ஏத்திட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். அக்கா மைக்கை வாயருகே கொண்டுபோய்விட்டு, திரும்ப மாட்டிவிட்டாள்.

ஆறு மணிக்குக் கடற்பாசி தண்ணீர்மேல் பாயாக விரிந்து படுத்தது. அடியில் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் உறுதியானது. ஆறு இருபது வந்தது, பாறை வரவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் போய், தண்ணீரில் ஈயப் பளபளப்பு மட்டும் மிச்சமிருந்தது. ஒரு அலை இறங்கியபோது கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது.

"அதோ!" என்று நான் துள்ளினேன்.

"அலை எறங்கறப்போ தெரிஞ்சா கணக்குல வராது" என்றார் அதிகாரி. அவரும் கிராதியைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "அலையில்லாம காஞ்சு நிக்கணும்."

மறுபடி முதுகு தெரிந்தது, மறுபடி முழுகியது. சோம்பேறி புரண்டு படுக்கிறானே தவிர எழுந்திருக்கிற வழியைக் காணோம். ரோமெல் ஆரஞ்சு மிதவை உடையை மாட்டிக்கொண்டு, "நான் எறங்கி முதுகு குடுத்து தூக்கட்டுமா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த நைலான் நூல் ஞாபகமாகவே இருந்தது. பாறை எழாமல் படகு கரையில் கிடந்தால் அதற்குக் காரணம் நான்தான் என்றும், ஊரைவிட்டே போய்விட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெண்டெல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறரை ஆயிடுச்சு, கேப்டன்." குரலில் வருத்தம் இருந்தது.

"அட்டவணை டவுனுக்குப் போட்டது, தம்பி" என்றாள் அக்கா. "நம்ம பக்கத்துக்குப் பிந்தி வரும். கடைசிப் பக்கத்துல திருத்தம் இருக்கும், பாருங்க."

அவர் டார்ச் அடித்துக் கடைசிப் பக்கத்தைத் தேடினார். வேறு யாராவது என்றால் தேடியிருக்க மாட்டார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். "பன்னெண்டு நிமிசம்" என்று வாசித்தார். "சரி. ஆறு முப்பத்திரண்டு வரைக்கும் தண்ணி எறங்கணும். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும். பாப்போம்."

ஆறு முப்பத்து மூன்றுக்குக் காற்று ஒரு மூச்சு விட்டது. அலை தணிந்தது. தண்ணீர் பாறையின் இரண்டு பக்கமும் வழிந்து இறங்க, சோம்பேறி தலையைத் தூக்கினான். முதலில் ரொட்டித் தட்டு அளவு. பிறகு எங்கள் சாப்பாட்டு மேசை அளவு. மேலெல்லாம் பிடார்கி. அடுத்த அலை வந்து இடுப்பளவில் மோதிவிட்டுப் போனது. உச்சி நனையவில்லை.

ரோமெல் ஊளையிட்டான். நான் யாரையோ கட்டிப்பிடித்தேன். பார்த்தால் அதிகாரி. அவர் என்னை மெதுவாக விலக்கிவிட்டு, சின்னப் படகில் இறங்கிப் பாறையருகே போனார். இடம் காட்டும் கருவியை அதன் தலைமேல் வைத்து இடத்தைக் குறித்தார். போட்டோ எடுத்தார். ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டும் மேலே ஏறவில்லை. திரும்பி வந்து, எங்கள் மேசையில் வைத்துக் கணக்குப் போட்டார்.

"இங்கருந்து உங்க தூரமான கூடு ரெண்டேகால் மைல். உள்ளதான் இருக்கு. வழக்கு இல்ல. வரைபடக்காரங்களுக்கும் எழுதிப் போடறேன்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. உடனே கிளம்பியிருக்க வேண்டிய மனிதர், நோட்டை மூடிக்கொண்டே சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"கேப்டன், சோம்பேறியை மனசுல வெச்சுத்தான் அங்க கூடு போட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நான் மேசைக்கு அடியில் அக்காவின் பூட்ஸை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"இல்ல தம்பி" என்றாள். "மறந்துட்டேன். அஞ்சு வாரமா கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே சட்டம். கோட்டைப் பாக்காமலே போட்டுப் போட்டுக் கை பழகிடுச்சு. ஆழம் பாத்தேன், மீன் நிக்கற எடம் பாத்தேன், எறக்கிட்டேன். நீங்க வந்து மூணேகால்னு சொன்னப்பதான் எனக்கே தெரியும். சோம்பேறி நெனப்பு வந்ததும் அப்பதான். அது எழும்னும் எனக்கு நிச்சயமில்ல."

வெண்டெல் நோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"ரெண்டு புஸ்தகத்தையும் படிச்சிருக்கேன்" என்றார். "மறதிக்கு அபராதம் ரெண்டுலயும் இல்ல. கூடு எங்க இருந்துச்சுங்கறதுதான் கணக்கு." எழுந்து கையுறையை மாட்டினார். "நாளைக்குப் போடறப்ப கோட்டைப் பாத்துப் போடுங்க."

அவர் படகின் விளக்கு முனையைத் தாண்டி மறைந்ததும் நான் வெடித்தேன். "உனக்குப் பைத்தியமா அக்கா? ஆமாம்னு சொல்லித் தொலைஞ்சா என்ன?"

"ரெண்டு அரசாங்கத்துக்கும் சேத்து ஞாபகம் வெச்சே என் தலை நிறைஞ்சு போச்சுடா, சகார். இதுல பொய்ய வேற ஞாபகம் வெச்சுக்கணுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நைலான் நூலுக்கு மன்னிப்புக் கேட்டேன், மூன்று வருடம் கழித்து. "எந்த நூல்?" என்றாள். நிஜமாகவே மறந்துவிட்டாளா, எனக்காகச் சொன்னாளா, தெரியாது. பொய் சொல்ல மாட்டாள் என்று நம்பிவிட்டேன்.

பிறகு சுக்கானிலிருந்து கையை எடுத்து, "நீ புடி" என்றாள். ஊர்த்துறைக்குள் போகும்போது அவள் சுக்கானை இன்னொருவர் கையில் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. வாங்கிக்கொண்டேன். தன் படுக்கை வரை போகக்கூடத் தெம்பில்லாமல், புத்தகங்கள் கிடந்த படுக்கையில் அவற்றின் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

துறையில் பாதி ஊர் விளக்கோடு நின்றது. முன்னால் இல்யா. நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். கட்டிக் கிடக்கும் படகில்கூட ஏறாத அந்த மனிதர் கயிற்றைப் பிடித்து ஏறி வந்தார். ஏறியதும் முகம் வெளுத்தது. ஆனாலும் இறங்கிப் போகவில்லை. அவள் தலைமாட்டில் ஒரு வாளியை மடியில் வைத்துக்கொண்டு, அவளாக எழும்வரை உட்கார்ந்திருந்தார்.